கோர்லிட்சே மாவட்டத்தின் ஆளில்லாத தென்பாதி

போலந்தின் கிராக்கூவ் நகரத்திலிருந்து தென்கிழக்கே, சாலைவழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், மவோபோல்ஸ்கா மாகாணம் சுலோவாக்கிய எல்லையில் சென்று முடியும் மூலையில், கோர்லிட்சே என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் பரப்பளவு 967 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். 1999-இல் நடந்த நிர்வாகச் சீரமைப்பில் மறுபடி உருவாக்கப்பட்ட இந்த மாவட்டத்தில், கோர்லிட்சே நகரத்தையும் சேர்த்து 10 உள்ளாட்சிப் பிரிவுகள் உள்ளன. வேலை நிமித்தமாகக் கிராக்கூவில் வசிக்கும் எனக்கு வார இறுதிகளில் போய்வர இதைவிடப் புகழ்பெற்ற இடங்கள் பல உண்டு. தாத்ரா சிகரங்களும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் இன்னும் அருகிலேயே இருக்கின்றன. ஆனாலும் நான் மறுபடி மறுபடி போவது கோர்லிட்சேவுக்குத்தான். அந்த மாவட்டத்தின் வரைபடத்தை விரித்தாலே கண்ணில் படும் ஒரு முரண்தான் அதற்குக் காரணம். வடபாதியில் ஊர்ப்பெயர்கள் நெருக்கமாக நிற்கின்றன, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஊர் இருக்கிறது. தென்பாதியில், எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்குகளில், பெயர்கள் மட்டுமே இருக்கின்றன.

சுற்றுலாக் கையேடுகள் இந்தத் தென்பாதியை மனிதக் கை படாத இயற்கை என்று புகழ்கின்றன. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் கரடியும் நடமாடும் காடு, வேலியில்லாத புல்வெளி, கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத அமைதி ஆகிய எல்லாம் உண்மைதான். ஆனால் 'கை படாத' என்ற சொல் இங்கே பொருந்தாது. இந்த அமைதி 1944-க்கும் 1947-க்கும் இடையில் அரசாணைகளாலும் படையாலும் உண்டாக்கப்பட்டது. அதற்கு முன் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பள்ளத்தாக்குகளில் உழவும் ஆடு மேய்ப்பும் நடந்திருக்கின்றன. அதை மறந்துவிட்டு இந்நிலத்தை ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

பாறையிலிருந்து தொடங்கினால் மற்றவை எளிதில் விளங்கும். மாவட்டத்தின் தெற்கே எழும் மலைகளைப் பெஸ்கித் நிஸ்கி என்கிறார்கள். கார்பாத்தியன் மலை வளைவு மிகவும் தாழ்ந்து இறங்கும் பகுதி இதுதான். போலந்துப் பக்கத்தில் இத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான லாட்ஸ்கோவா இந்த மாவட்டத்தின் விளிம்பில்தான் இருக்கிறது; அதன் உயரமே 997 மீட்டர்தான். பழங்காலக் கடலின் அடியில் மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறிப் படிந்து, பின்னர் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளப்பட்டு உருவான மலைகள் இவை. கடினமான மணற்கல் முகடுகளாக நிற்க, மென்மையான களிப்பாறை அரிந்து பள்ளத்தாக்குகளாகியிருக்கிறது. களிப்பாறை நீரில் ஊறினால் வழுக்கும் என்பதால், மழை மிகுந்த ஆண்டுகளில் சரிவுகள் நகர்ந்து சாலையையும் வீட்டையும் சேர்த்து இழுத்துச் செல்லும். இந்த நிலச்சரிவுகளை ஆராயவே போலந்து அறிவியல் கழகம் ஷிம்பார்க் என்ற ஊரில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்திவருகிறது.

மலை தாழ்ந்திருந்ததால் மூன்று விளைவுகள் ஏற்பட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. கணவாய்களை எளிதாகக் கடக்க முடிந்ததால், ஹங்கேரியிலிருந்து திராட்சை மது ஏற்றிய வண்டிகள் இவ்வழியே வடக்கே வந்து பியெச் நகரத்தைச் செழிக்கவைத்தன. மேய்ச்சல் முகடுகள் வழியாக மலை இனத்தார் மேற்கு நோக்கி நகர்ந்துவந்து பள்ளத்தாக்குகளில் குடியேறினார்கள். வணிகர் வந்த அதே வழியில் பின்னாளில் படைகளும் வந்தன.

பியெச்சைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'குட்டிக் கிராக்கூவ்' என்று விளம்பரப்படுத்தப்படும் அந்த ஊரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ரோபா ஆற்றின் மேலே குன்றில் அமைந்த நகரம், பாதி எஞ்சிய கோட்டை மதில், உயர்ந்த நகர மன்றக் கோபுரம், அரசி யாத்விகா 1395-இல் நிறுவிய மருத்துவமனையின் கட்டடம், வரலாற்றாசிரியரும் ஆயருமான மார்ச்சின் க்ரோமர் 1512-இல் பிறந்த ஊர் என்ற பெருமை ஆகிய அனைத்தையும் ஒரு பகலில் பார்த்துவிடலாம். தூக்கிலிடுவோருக்கான பள்ளிக்கூடம் இங்கே இருந்ததாக வழிகாட்டிகள் சொல்லும் கதையை மட்டும் நம்ப வேண்டாம். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நகரத்துக்கு இருந்தது உண்மை, பள்ளிக்கூடம் கட்டுக்கதை.

அதே மடிந்த பாறைகளுக்குள் எண்ணெயும் தேங்கியிருந்தது. கோர்லிட்சேவைச் சுற்றிய சியாரி, க்ரிக், லிபின்கி ஆகிய ஊர்களில் கச்சா எண்ணெய் நிலத்தின் மேல் தானாகவே கசிந்து குட்டைகளில் மிதந்தது. ஆலைகள் வருவதற்கு வெகு முன்பே உழவர்கள் அதை வழித்தெடுத்து வண்டி அச்சுக்கும் தோலுக்கும் பூசினார்கள். ரோபா ஆற்றங்கரையில் உள்ள வோஷே என்ற ஊரார் இதையே ஒரு தொழிலாக வளர்த்தார்கள். அச்சுக்கு இடும் மசகைப் பீப்பாய்களில் நிரப்பி, கூரை போட்ட நீண்ட குதிரை வண்டிகளில் ஏற்றி, வசந்தத்தில் புறப்பட்டு, மத்திய ஐரோப்பாவின் பல நாடுகளில் விற்றுத் திரும்புவார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே இருக்க, நிலத்தைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த மசகு வணிகர் ஒருவரின் வீடும் தொழுவமும் வண்டியும் இன்று சிறிய அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. மாவட்டத்தில் ஓர் இடத்தை மட்டுமே பார்க்க நேரம் இருக்கும் நண்பர்களை நான் அங்கேதான் அனுப்புவேன், மலைக்காட்சிக்கு அல்ல.

இக்னாட்ஸி வுக்காஷேவிச் என்ற மருந்தாளுநர், இன்று உக்ரைனில் உள்ள லிவீவ் நகரத்து மருந்துக்கடையில் யான் ஸேயுடன் சேர்ந்து கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து மண்ணெண்ணெய் எடுத்தார். 1853 ஜூலை 31 அன்று அந்நகர மருத்துவமனையில் இரவு அறுவை சிகிச்சை ஒன்று அவருடைய விளக்கின் வெளிச்சத்தில் நடந்தது. அதன் பின் அவர் கோர்லிட்சேவுக்கு வந்து மருந்துக்கடை நடத்தினார். லிவீவில் அவருக்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது. மூலப்பொருள் இங்கேதான் காலடியில் கிடந்தது. 1854-இல் நகரத்தின் ஸாவோதியே பகுதியில், சாலைகள் கூடும் இடத்தில் நின்ற சிறு வழிபாட்டுக் கூண்டின் முன் அவர் ஏற்றிவைத்த விளக்கை உலகின் முதல் மண்ணெண்ணெய்த் தெருவிளக்கு என்று கோர்லிட்சே நகரத்தார் கொண்டாடுகிறார்கள். அரிக்கேன் விளக்கின் கீழ் பாடம் படித்த தலைமுறை நம்மிடமும் இருந்ததால், அந்தத் தெருமுனையில் நான் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வுக்காஷேவிச்சுக்குப் பின் வந்தவர் கனடாக்காரர். வில்லியம் ஹென்றி மக்கார்வி 1880களில் கனடாவின் துளையிடும் முறையை இங்கே கொண்டுவந்து, கோர்லிட்சேவை ஒட்டிய க்லினிக் மரியாம்போல்ஸ்கியில் துளையிடும் கருவிகள் செய்யும் ஆலையையும் சுத்திகரிப்பு ஆலையையும் வளர்த்தார். அப்போது ஆஸ்திரியப் பேரரசின் மாகாணமாக இருந்த கலீசியா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் முக்கியமான எண்ணெய் வயல்களில் ஒன்றாக விளங்கியது. பெரும்பங்கு எண்ணெய் கிழக்கே போரிஸ்வாவ் வயலில் எடுக்கப்பட்டாலும், கருவியும் கைத்திறனும் இந்த மேற்குப் பகுதியிலிருந்து சென்றன. கோர்லிட்சேவில் உள்ள மக்தலேனா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அக்காலத்துப் பம்புகளையும் கோபுரங்களையும் இன்றும் காணலாம்.

மண்ணெண்ணெய் தந்த செழிப்பில் வளர்ந்த நகரம் 1914 குளிர்காலத்தில் போர்முனையாகிப் போனது. ரஷ்யப் படை மேற்கே முன்னேறி கோர்லிட்சேவின் அருகே நின்றுவிட, 4 மாதங்களுக்கும் மேலாக நகரம் இரு தரப்புப் பீரங்கிகளுக்கும் நடுவில் கிடந்தது. அந்த மாதங்களில் நகரத் தலைவர் பொறுப்பை ஏற்று, எஞ்சிய மக்களுக்கு உணவு தேடிக்கொடுத்த பாதிரியார் ப்ரோனிஸ்வாவ் ஷ்வியெய்கோவ்ஸ்கியின் நாட்குறிப்புதான் அக்காலத்துக்கு முதன்மையான சாட்சி. 1915 மே 2 காலையில் தளபதி மாக்கென்சன் தலைமையிலான ஜெர்மானிய 11-ஆம் படை, ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகளுடன் சேர்ந்து, சில மணி நேரக் குண்டுமழைக்குப் பின் தாக்குதலைத் தொடங்கியது. ரஷ்ய 3-ஆம் படையின் முனை உடைந்தது. ஜூன் மாதம் முடிவதற்குள் ப்ஷெமிஷில் கோட்டையும் லிவீவ் நகரமும் ரஷ்யர்களிடமிருந்து பறிபோயின. முதலாம் உலகப் போரின் கிழக்கு முனையில் இதற்கு இணையான உடைப்பு அரிது. கோர்லிட்சே நகரம் ஏறத்தாழ முழுவதும் இடிந்துபோனது. இன்று காணும் நகர மையம் பெரும்பாலும் போருக்குப் பின் எழுந்தது.

போர் முடிவதற்கு முன்பே ஆஸ்திரிய இராணுவம் இறந்தவர்களுக்கு இடம் அமைக்கத் தொடங்கியது. கிராக்கூவ் இராணுவத் தலைமையின் கீழ் ஒரு போர்க் கல்லறைத் துறையே இயங்கி, மேற்குக் கலீசியா முழுவதும் சுமார் 400 கல்லறைத் தோட்டங்களை எழுப்பியது. அவற்றில் மிகச் சிறந்தவை பல இந்த மாவட்டத்தில் உள்ளன. நண்பனோடு எதிரியையும் ஒரே வேலிக்குள் புதைத்ததும், அந்த வேலியை வடிவமைக்கத் தேர்ந்த கலைஞர்களை அமர்த்தியதும் அத்திட்டத்தின் சிறப்பு. வூஷ்னா ஊரின் புஸ்த்கி குன்றில் உள்ள 123-ஆம் எண் கல்லறையில் ஆஸ்திரிய-ஹங்கேரியரும் ஜெர்மானியரும் ரஷ்யருமாக 1,200-க்கும் மேற்பட்டோர் காட்டுச் சரிவில் படிப்படியாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே யான் ஷ்செப்கோவ்ஸ்கி அமைத்த மரக்கோயில் 1980களில் எரிந்துபோய், அண்மைக் காலத்தில் மறுபடி கட்டப்பட்டது. இக்கல்லறைக்கு ஐரோப்பிய மரபுச் சின்னம் என்ற அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு நெருக்கமானவை சுலோவாக்கியக் கட்டடக் கலைஞர் துஷான் யூர்கோவிச் வடிவமைத்த மலைக் கல்லறைகள். பேரரசின் இராணுவத்துக்கு வேலை செய்துகொண்டே அவர் பேரரசின் பாணியைப் புறக்கணித்தார். மலைக்குடிகள் தங்கள் கோயில்களைக் கட்டிய அதே மரத்தாலும் அதே மரச்சில்லுக் கூரையாலும் கோபுரங்கள் எழுப்பினார். ரெகியெதூவ் ஊருக்கு மேலே, 771 மீட்டர் உயரமுள்ள ரோதுண்டா உச்சியில் நிற்கும் 51-ஆம் எண் கல்லறையில் ஐந்து மரக் கோபுரங்கள் உண்டு. பராமரிக்க ஆளில்லாததால் அவை பல பத்தாண்டுகளில் அழுகிச் சரிந்தன. இந்த நூற்றாண்டில் தன்னார்வலர்கள் மரத்தை மலைமேல் ஏற்றி அவற்றை மறுபடி நிறுத்தினார்கள். மவஸ்தூவ் கணவாயில் சாலையோரத்திலேயே இருக்கும் 60-ஆம் எண் கல்லறையும் யூர்கோவிச்சின் கைவண்ணம்தான். மலையேற முடியாதவர்கள் அதைப் பார்க்கலாம்.

யூர்கோவிச் யாருடைய கோயில்களைப் பார்த்துக் கற்றாரோ, அந்த மக்களைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பெஸ்கித் நிஸ்கியில் வாழ்ந்தவர்கள் லெம்கோக்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு ஸ்லாவியரான ருத்தேனிய உழவர்களும் பால்கன் பக்கத்திலிருந்து முகடுகள் வழியாக வந்த வலாக்கிய மேய்ப்பர்களும் இப்பள்ளத்தாக்குகளில் குடியேறி, காலப்போக்கில் ஒரே சமூகமானார்கள். கிழக்கு ஸ்லாவிய மொழி, சிரிலிக் எழுத்து, கிழக்கத்திய வழிபாட்டு முறை ஆகியவை அவர்களை வடக்கே வாழ்ந்த போலந்து உழவர்களிடமிருந்து வேறுபடுத்தின. தாங்கள் உக்ரேனியரின் ஒரு பிரிவா, ருசின்கள் என்ற தனி இனமா என்பதில் லெம்கோக்களிடையே இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. வெளியாளான நான் அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அவர்களின் வீடு மனிதர் தங்கும் அறை, களம், தொழுவம் எல்லாம் ஒரே நீண்ட கூரையின் கீழ் அமைந்தது. ஊர்கள் ஓடையின் இரு கரைகளிலும் ஒற்றை வரிசையாக நீண்டிருந்தன. கோயில்களோ தனி அழகு. பெண்கள் நிற்கும் முன்பகுதியின்மேல் உயர்ந்த கோபுரம், நடுவே சபை, கிழக்கே திருமுற்றம் என மூன்று பகுதிகள்; மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக உயரம் படிப்படியாகக் குறையும்; ஒவ்வொன்றின் தலையிலும் வெங்காய வடிவக் குமிழ். போலந்திலும் உக்ரைனிலும் உள்ள 16 மரக்கோயில்களை 2013-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த ஒரு மாவட்டத்திலிருந்து மட்டும் க்வியாதோன், ஓவ்சாரி, ப்ருனாரி விஷ்னே என்ற மூன்று கோயில்கள் இடம்பெற்றன. அவற்றில் லெம்கோ பாணியின் முழு இலக்கணத்தையும் க்வியாதோனில் காணலாம். அதன் கோபுரம் 1743-இல் எழுப்பப்பட்டது. 1653-இல் கட்டப்பட்ட ஓவ்சாரி கோயிலை இன்று, கிழக்கத்திய வழிபாட்டைப் பின்பற்றிக்கொண்டே போப்பாண்டவரை ஏற்கும் கிரேக்கக் கத்தோலிக்கரும் ரோமன் கத்தோலிக்கரும் பகிர்ந்து வழிபடுகிறார்கள். மாவட்டத்தின் போலந்து ஊர்களான பினாரோவாவிலும் செங்கோவாவிலும் உள்ள ரோமன் கத்தோலிக்க மரக்கோயில்கள் 2003-லேயே அப்பட்டியலில் ஏறியவை. செங்கோவா கோயிலின் மரத்தில் ஒரு பகுதியை முதலாம் உலகப் போரின்போது போர்வீரர்கள் பதுங்குகுழிக்கும் விறகுக்கும் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பதும், தாழ இறங்கிய அதன் பெருங்கூரை பின்னர் பழுது பார்க்கப்பட்டது என்பதும் அங்கே போகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை.

லெம்கோக்களின் துன்பம் 1947-இல் தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அது 1914-லேயே தொடங்கிவிட்டது. ரஷ்யாவுடன் போர் மூண்டதும், கிழக்கத்திய வழிபாட்டைக் கொண்ட இம்மக்களை ரஷ்ய ஒற்றர்கள் என்று ஆஸ்திரிய அரசு ஐயுற்றது. ஸ்தினியா ஊரில் பிறந்த மக்சிம் சாந்தோவிச் என்ற ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் 1914 செப்டம்பர் 6 அன்று கோர்லிட்சே சிறை முற்றத்தில் விசாரணை எதுவுமின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார். கருவுற்றிருந்த அவருடைய மனைவி அப்போது அதே சிறையில் இருந்தார். அவரும், லெம்கோ ஊர்களின் ஆசிரியர்கள், பாதிரியார்கள், படித்த உழவர்கள் பலரும் கிராட்ஸ் நகரத்துக்கு அருகே இருந்த தாலெர்ஹோஃப் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்ட அம்முகாமில் குளிராலும் நோயாலும் இறந்தவர்கள் மிகப் பலர். போலந்து ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1994-இல் சாந்தோவிச்சைப் புனிதராக அறிவித்தது. அவருடைய கல்லறை ஸ்தினியாவில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது, போலந்தின் புதிய ஆட்சியாளர்களுக்கும் சோவியத் உக்ரைனுக்கும் இடையே 1944 செப்டம்பர் 9 அன்று மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. விருப்பத்தின் பேரில் என்று ஏட்டில் எழுதப்பட்ட அந்த இடப்பெயர்வில் 1946-க்குள் லெம்கோக்களில் பெரும்பான்மையோர் கிழக்கே போனார்கள். சிலர் வாக்குறுதியை நம்பிப் போனார்கள், பலர் அச்சுறுத்தலால் போனார்கள். போகாமல் எஞ்சியவர்களின் முறை அடுத்து வந்தது. 1947 மார்ச் 28 அன்று, கிழக்கே பியெஷ்சாதி மலைப்பகுதியில், துணைப் பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் கரோல் ஷ்வியெர்ச்செவ்ஸ்கி உக்ரேனியக் கிளர்ச்சிப் படையினரால் கொல்லப்பட்டார். திட்டம் அதற்கு முன்பே எண்ணத்தில் இருந்தது. கொலை அதற்குச் சாக்காயிற்று. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, 'விஸ்துலா நடவடிக்கை' தொடங்கியது. உக்ரேனியரும் லெம்கோக்களுமாக சுமார் 1,40,000 பேர், சில மணி நேர அவகாசத்தில் வண்டியில் ஏற்றக்கூடியதை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியிடமிருந்து பெற்ற மேற்கு, வடக்கு மாகாணங்களுக்கு இரயிலில் அனுப்பப்பட்டார்கள். ஓர் ஊரார் ஓரிடத்தில் சேர்ந்து வாழ முடியாதபடி சிதறடிப்பதுதான் ஆணையின் உள்நோக்கம். ஐயத்துக்குள்ளான ஏறத்தாழ 3,900 பேர் யாவோஷ்னோ முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1949-இல் வந்த ஆணை அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தையும் வீட்டையும் அரசுடைமையாக்கியது. கிளர்ச்சியாளர்களை ஒடுக்கவே இது தேவைப்பட்டது என்ற வாதம் இந்த மாவட்டத்தைப் பொறுத்தவரை மிகவும் பலவீனமானது. கிளர்ச்சியின் களம் கிழக்கே வெகு தொலைவில் இருந்தது. 1990 ஆகஸ்டில் போலந்து மேலவை இந்த நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

செங்கோவா பிரிவின் தென்கோடியில் ராதோட்சினா, த்வுகியே, சார்னே, லிப்னா, நியெஸ்னாயோவா என்ற ஊர்கள் அடுத்தடுத்து இருந்தன. இன்று அந்தப் பள்ளத்தாக்குகளில் நடக்கும்போது முதலில் தெரிவது புல்வெளி மட்டுமே. சற்றுப் பழகிய கண்ணுக்கு மற்றவை தெரியத் தொடங்கும். காட்டில் தானாக முளைக்காத ஆப்பிளும் பேரியும் பிளம்ஸும் வரிசையாக நிற்கும் இடத்தில் வீட்டுத் தோட்டம் இருந்திருக்கிறது. காஞ்சொறிச் செடி அடர்ந்து மண்டிய இடத்தில் தொழுவம் இருந்திருக்கிறது. எருவால் செறிந்த மண்ணை அச்செடி பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் விடுவதில்லை. ஓடைக்கரையில் கல் அடுக்கிய நிலவறையின் வாய் திறந்து கிடக்கும். ஒரு காலத்தில் ஊர்ச்சாலையாக இருந்த தடத்தின் ஓரம் மணற்கல் சிலுவைகள் நிற்கும். இச்சிலுவைகளில் பல, கல்தச்சுக்குப் பெயர்பெற்ற பார்த்னே ஊராரின் வேலை. திரிகைக் கல்லும் சாணைக் கல்லும் செதுக்கி விற்ற அதே கைகள்தான் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவையும் கீழே நிற்கும் அன்னையையும் செதுக்கி, செய்வித்தவரின் பெயரையும் ஆண்டையும் சிரிலிக் எழுத்தில் பொறித்தன. ஊருக்குக் கிடைத்த ஆவணம் சில இடங்களில் அந்தக் கல்வெட்டு ஒன்றுதான்.

எந்தக் கோயில் பிழைத்தது, எது அழிந்தது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. போலந்துக் குடியேறிகள் வந்து சேர்ந்த ஊர்களில் அவர்கள் லெம்கோ கோயிலைத் தங்கள் ரோமன் கத்தோலிக்க வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள், கூரை பழுது பார்க்கப்பட்டது, கட்டடம் நின்றது. க்வியாதோன் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதற்கு அந்த எடுத்துக்கொள்ளலும் ஒரு காரணம். எவரும் குடியேறாத ஊர்களில் கோயில் கேட்பாரற்று இடிந்தது. நியெஸ்னாயோவாவிலும் ராதோட்சினாவிலும் இன்று கோயில் இல்லை, கல்லறைத் தோட்டம் மட்டுமே உண்டு. சார்னே கோயிலைப் பெயர்த்துக் கொண்டுபோய் நோவி சோன்ச் நகரத்துத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டியவர்கள் துரத்தப்பட்டதையும், கட்டடத்தை அதன் பின் வந்தவர்கள் காப்பாற்றியதையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஆக வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. சார்னே என்ற பெயர் இன்று போலந்து வாசகர்களிடையே வேறொரு காரணத்தால் புகழ்பெற்றிருக்கிறது. 1996-இல் இப்பள்ளத்தாக்கில் தொடங்கப்பட்ட ஒரு பதிப்பகம் அந்த ஊர்ப்பெயரைச் சூட்டிக்கொண்டு, நாட்டின் முன்னணி இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது.

காலியான நிலத்தில் அரசுப் பண்ணைகள் வந்தன, தாத்ரா மலையடிவாரமான போத்ஹாலேயின் மேய்ப்பர்கள் ஆடு ஓட்டி வந்தார்கள், காடு முகடுகளிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. ரெகியெதூவில் ஹுட்சுல் இனக் குதிரைகளை வளர்க்கும் பண்ணை இன்றும் நடக்கிறது. திறந்த சரிவுகளில் மேயும் அக்குதிரைகளைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். அவை மேயும் வெளி ரெகியெதூவின் மேல் ஊர் இருந்த இடம். அழிந்த ஊர்களின் நுழைவாயில்களில் உள்ளூரார் அண்மைக் காலத்தில் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். வீடில்லாத வெளியில் தனித்த மரக்கதவு ஒன்றை நட்டு, அதில் ஊரின் பெயரையும் பழைய விவரங்களையும் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் கேள்விப்பட்டபோது கொஞ்சம் செயற்கையாக இருக்குமோ என்று எண்ணினேன். நேரில் பார்த்தபோது, இந்தக் கதவுகள் இல்லாவிட்டால் இங்கே ஊர் இருந்ததே வழிப்போக்கர்களுக்குத் தெரியாது என்பது உறைத்தது.

மாவட்டத்தின் மேற்கே போபோவா என்ற சிற்றூரின் கதை இதற்கு நெருக்கமானது, ஆனால் முடிவு இன்னும் கொடியது. பின்னல் கோல்களால் நெய்யும் சரிகை வேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. 1899-இல் அங்கே சரிகைப் பள்ளி தொடங்கப்பட்டது. யூத மதத்தின் பக்தி இயக்கமான ஹசிதியத்தில், ஷ்லோமோ ஹால்பெர்ஸ்டாம் நிறுவிய போபோவ் மரபின் ஊரும் அதுவே. 1942 ஆகஸ்டில் கோர்லிட்சே, போபோவா யூதர்களில் நூற்றுக்கணக்கானோர் ஸ்த்ரூஷூவ்கா அருகே கார்பாட்ஸ் காட்டில் சுடப்பட்டார்கள். மற்றவர்கள் பெல்ஷெட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தப்பிய வாரிசான மற்றொரு ஷ்லோமோ ஹால்பெர்ஸ்டாம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அம்மரபை மீண்டும் எழுப்பினார். அதன் பெயரில் இன்றும் போபோவா ஒலிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தொழுகைக் கூடம் போருக்குப் பின் நெசவுப் பள்ளியின் பட்டறையாக இருந்து, பின்னர் யூதச் சமூகத்திடம் திரும்பியது. மேட்டில் உள்ள கல்லறைக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஹசிதியர்கள் வந்து வேண்டிவிட்டுப் போகிறார்கள்.

லெம்கோக்களுக்குத் திரும்பும் வழி 1956-க்குப் பின் சிறிதளவு திறந்தது. திரும்பியவர்களில் பலர் தங்கள் சொந்த வீட்டையே குடியேறியவர்களிடமிருந்தோ அரசிடமிருந்தோ விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எனவே தென்பாதியில் இன்று காணும் லெம்கோ ஊர்கள், பார்த்னே, பியெலான்கா, ஸ்தினியா போன்றவை, திரும்பியவர்களின் பிடிவாதத்தால் உண்டானவை. போருக்குப் பின் உஷ்ச்சே ருஸ்கியே என்ற ஊரின் பெயரிலிருந்து ருத்தேனியரைக் குறிக்கும் பகுதியை நீக்கி உஷ்ச்சே கோர்லிட்ஸ்கியே என்று மாற்றிய அதே நாட்டில், பியெலான்கா ஊர்ப்பலகையில் இப்போது போலந்து மொழியோடு லெம்கோ மொழியிலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. 2005-இல் வந்த சிறுபான்மையினர் சட்டம் லெம்கோக்களைத் தனி இனச் சிறுபான்மையாக ஏற்றுக்கொண்டது. 1983-இல் சார்னா என்ற ஊரில் தொடங்கி, 1990 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் ஸ்தினியாவில் நடக்கும் வாத்ரா திருவிழாவில் பெரும் தீ மூட்டி, நாள்கணக்கில் பாடி ஆடுகிறார்கள். புளித்த முட்டைக்கோசு சேர்த்துச் சுடும் ஃபூச்கி என்ற தடித்த அடையை அங்கே உண்ணாமல் வரக்கூடாது.

விழாத் திடலை ஒட்டி நிறுத்தியிருக்கும் கார்களின் எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். பெரும்பாலானவை இந்த மாவட்டத்துக்கு உரியவை அல்ல. 2011 கணக்கெடுப்பில் தங்களை லெம்கோ என்று பதிந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 10,500 பேர். அவர்களில் ஆகப் பெரிய தொகுதி இன்னும் லெக்னிட்சா, லூபின் ஆகிய நகரங்களைச் சுற்றி, 1947-இல் இரயில் இறக்கிவிட்ட கீழ்ச் சிலேசியாவில்தான் வாழ்கிறது. அவர்களின் பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே வேலை பார்க்கிறார்கள். ஸ்தினியாவுக்கு அவர்கள் வருவது விருந்தாளிகளாகத்தான்.